பெந்தெங்குக்கு அந்தப் பக்கம்

சிகாமட்டில் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று 2006 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம். இன்னொன்று 2011 ஜனவரி. 2023 மார்ச்சில் மூன்றாவது போடப் போனேன். அம்மா விடவில்லை. "கோடு போட்டு என்னத்தய்யா கண்டோம்? ஆத்தோரம் பெந்தெங்க ஒசத்திக் கட்டச் சொல்லு" என்றார். மண்ணைக் குவித்துக் கட்டும் தடுப்புக்கரையைத்தான் எங்கள் பக்கம் பெந்தெங் என்போம்.

எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. 2006-07 வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். நாங்களும்தான்.

சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் சேர்கிறது. மூவார் ஆறு பண்டார் மகாராணியில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்துபோன சேறும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். அதைத் தேடிப் போனேன் என்றால் பொய். மூவாருக்குத் தெற்கே பாரிட் ஜாவாவுக்கு நண்பனோடு அசாம் பெடாஸ் சாப்பிடப் போனேன்.

கடல் வற்றியிருந்த நேரம். சேற்றில் இடுப்புயர நாரைகள், மொட்டைத் தலையோடு, தத்தும் மீன்களைக் குத்திக்கொண்டிருந்தன. "பூரோங் போத்தாக்" என்றார் ஒரு பாக்சிக். மொட்டைப் பறவை. சேற்றில் தின்று, உயரமான மரங்களில் கூடு கட்டும் பறவை. அதற்குச் சேறும் வேண்டும், சதுப்புக்காடும் வேண்டும்.

திரும்பினால் பின்னால் பெந்தெங். ஜொகூரின் மேற்குக் கரையில் 1970களின் வேளாண்மைத் திட்டத்தில் இப்படிக் கரைகளும் அலைமதகுகளும் கட்டினார்கள். உள்ளே தென்னையும் செம்பனையும் பிழைத்தன. வெளியே சதுப்புக்காடு ஒரு பட்டையாக நின்றுவிட்டது. கடல் அரித்தால் அந்தக் காடு மெல்ல நிலத்துப் பக்கம் நகர்ந்துகொள்ளும். பெந்தெங் இருந்தால் நகர இடமில்லை. முன்னால் கடல், பின்னால் கரை. நடுவில் நசுங்கும்.

நெதர்லாந்தில் 1953 வெள்ளத்தில் 1,836 பேர் செத்தார்கள். ஊஸ்டர்ஸ்கெல்ட கழிமுகத்தை முழுசாக அடைக்கத் திட்டம் போட்டார்கள். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால் புயலுக்கு மட்டும் மூடும் 62 கதவுகளோடு 1986இல் தடுப்பைத் திறந்தார்கள். அப்படியும் அலையின் வேகம் குறைந்தது. மணல்திட்டுகள் கரைந்து கால்வாய்களுக்குள் இறங்குகின்றன. கரைப்பறவைகள் இரை தேடும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. கதவு வைத்தாலும் கட்டியதற்கு விலை இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தக் கொக்குக்கு எடம் வுடணும்னா வுடுங்க. எங்க வீட்டுல வுடாதீங்க" என்றார்.

அதில் தப்பில்லை. ஆனால் கரை எவ்வளவு உயரம் என்றுதான் எப்போதும் பேசுகிறோம். எவ்வளவு தள்ளி என்று யாரும் கேட்பதில்லை. தள்ளிக் கட்டினால் நடுவில் கிடைக்கும் நிலத்தில் தண்ணீர் பரவலாம், காடு நகரலாம். அந்த நிலத்தில் இப்போது யாரோ ஒருவருடைய செம்பனை நிற்கிறது. அவரும் அம்மா சொன்னதையேதான் சொல்வார்.