மூக்கை நம்பாதீங்க பாஸ்!

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போய்ப் பாருங்க. ஏரிக்குள் நிற்கும் மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா பறவைங்க! எது எதுன்னு கண்டுபிடிக்க அலகுதான் அடையாளம். கரண்டிவாயனுக்குக் கறுப்பு அலகு, நுனியில் மட்டும் மஞ்சள். மஞ்சள் மூக்கு நாரைக்குப் பேரே விலாசம்.

கொக்குலதான் வில்லங்கம். 'கறுப்பு அலகுன்னா சின்னக் கொக்கு, மஞ்சள்னா பெரிசு'னு ஜூனியர்ஸ்கிட்ட பந்தா விட்டேன். பைனாகுலரை வாங்கிப் பார்த்த ஒருத்தி, "சின்னக் கொக்குக்கு ஏண்ணா இவ்ளோ நீளக் கழுத்து?" என்றாள். மானம் போச்சு! கூடு கட்டுற சீசனில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகும் கறுப்பாகிவிடுமாம்.

அப்போ பாதத்தைப் பாருங்க. சின்னதுக்கு மஞ்சள், பெரிசுக்குக் கறுப்பு. தண்ணிக்குள்ள நின்னா? பறக்கிற வரைக்கும் வெயிட் பண்ண வேண்டியதுதான்.