அகதி என்றொரு சொல்

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாக வடக்கே சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புத்தளம். நகரத்தை அடையுமுன் பாலாவிச் சந்தி வரும். அங்கே இடப்புறம் திரும்பும் பாதை கற்பிட்டிக்குச் செல்கிறது. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், நடுவே மணற்பூமி. அந்த மணலில் கிணறு வெட்டி வெங்காயமும் மிளகாயும் செய்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் இப்பக்கம் வந்து சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு மக்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்களிற் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரை சேர்ந்தார்கள்.

புத்தளத்து மக்கள் அவர்களைக் கைவிடவில்லை. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட இடம் தந்தார்கள். வடபுலத்துத் தாய்மார் இதை இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. வந்தவர்களோ ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. கூலிக்கு ஆட்கள் பெருகியதும் கூலி குறைந்தது. வகுப்பறையிலும் ஆஸ்பத்திரியிலும் நெரிசல் கூடியது. வந்தவர்களுக்கு நிவாரண அரிசி கிடைத்தது. பக்கத்து வீட்டு உள்ளூர் ஏழைக்கு அது இல்லை. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்களிடையே ‘ஊரார்’, ‘அகதி’ என்ற இரண்டு பெயர்கள் இப்படித்தான் நிலைத்தன. மார்க்கமோ மொழியோ அவர்களைப் பிரிக்கவில்லை. பற்றாக்குறைதான் பிரித்தது.

பெண்களின் வாழ்வு மிகவும் மாறியது. சொந்த ஊரில் கூலி வேலைக்குப் போயறியாத பெண்கள் பலர் வெங்காயத் தோட்டங்களில் இறங்கினார்கள். வீடும் நகையும் சீதனமாகப் பேசிய குடும்பங்களில் இரண்டும் இல்லாமற் போயின. குமர்ப்பிள்ளைகளைக் கரைசேர்க்க உம்மாமார் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதேவேளை, கையில் நாலு காசு வந்த பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பும் ஏறியது.

இன்று தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக்குப் பதிலாகக் கல் வீடுகள் நிற்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்தபின் பலர் வடக்கே திரும்பிப் போனார்கள். காணிகள் காடாகிக் கிடந்தன, வீடுகள் இடிந்திருந்தன. அதனால் வாப்பா மன்னாரில் தொழில் பார்க்க, பிள்ளைகள் புத்தளத்தில் படிக்க, இரண்டு ஊரில் அடுப்பெரியும் குடும்பங்கள் உருவாகின. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சோனகத் தெரு என்பது உம்மம்மா சொல்லும் கதை. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளையை ‘அகதிப் பிள்ளை’ என்று சுட்டும் வாய்கள் இருக்கத்தான் செய்கின்றன.

சகோதரிகளே, அரசாங்கப் பதிவேட்டிலுள்ள சொல்லை ஓர் அதிகாரி வெட்டிவிடலாம். நம்முடைய விறாந்தைப் பேச்சிலும் கல்யாணப் பேச்சிலும் உள்ள சொல்லை நாம்தான் வெட்ட வேண்டும். பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வது நம்மிடமிருந்துதான். புத்தளத்தில் இரு தரப்பிலும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே சஹனில் கைவைத்து உண்ணும் குடும்பங்கள் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளை எந்தப் பெயரால் பிரிப்பது?