அப்பாவின் காதும் மூணு மீட்டரும்!

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்த மரியாதை பத்மினிக்குத்தான். யாரோ பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார்! ஃபியட் 1100-ஐ வைத்து மும்பையில் செய்த வண்டி. தயாரிப்பை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாச்சு. எங்கள் வாசலில் மட்டும் இன்னும் மினுமினு.

அப்பா காதால் வண்டி ஓட்டுகிறவர். ''டேப்பெட் சத்தம் வருது'', ''பெல்ட்டு லேசா கத்துது'' என்பார். மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்தால் அதேதான் இருக்கும்.

அந்தக் காது போன வருஷம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்டது. 'காது மெஷின்' என்று அம்மா வாயைத் திறந்தாலே, ''என்னைக் கிழவனாக்காதீங்க'' என்று எழுந்து போய்விடுவார்.

அப்புறம்தான் அந்த ஏற்காடு பயணம். மலை ஏறும்போது ஃபேன் பெல்ட் 'கீச்' என்று கத்தியது. பின் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. 'அப்பாவுக்குத் தெரியாததா' என்று சும்மா இருந்துவிட்டேன். அவருக்குக் கேட்கவே இல்லை! தளர்ந்த பெல்ட் வழுக்கினால் வாட்டர் பம்ப்பும் சரியாகச் சுற்றாது. டெம்பரேச்சர் முள் செத்துப் பல வருஷம். பாதி மலையில் பானட்டிலிருந்து குபுகுபுவென ஆவி. ஹெட் கேஸ்கட் காலி.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. 'வண்டியை வித்துடலாம்' என்று தீர்ப்பு. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

''மீட்டர் மாட்டலாம்ப்பா'' என்றேன். நான் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் ஆச்சே!

''டேஷ்போர்டுல ஒரு ஓட்டை விழக் கூடாது'' என்று மட்டும் சொன்னார்.

சென்னை ஜி.பி. ரோடுக்குக் கிளம்பினேன். கடைக்காரர் நீல லைட் எரிகிற 'பூஸ்ட் மீட்டர்' ஒன்றை எடுத்து நீட்டினார். டர்போவே இல்லாத வண்டிக்கு எதுக்குண்ணே அது? எங்களுக்குத் தேவை மூன்றே மூன்று. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட். ஆயிலுக்கு சிவப்பு லைட் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். பிரஷர் அதலபாதாளத்துக்குப் போன பிறகுதான் அது எரியும். முள் என்றால் இறங்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆம்மீட்டரும் கண்ணில் பட்டது. ஆனால், சார்ஜ் ஆகிற கரன்ட் எல்லாம் டேஷ்போர்டு வரை வந்து அதற்குள் புகுந்து திரும்பணும். பழைய வயரில் அந்த வம்பு வேண்டாம் என்று வோல்ட் மீட்டரே வாங்கினேன். மீட்டரையும் சென்சாரையும் செட்டாக வாங்குவது முக்கியம். ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும்.

டேஷ்போர்டுக்குக் கீழே, ஏற்கெனவே இருந்த ஸ்க்ரூக்களிலேயே ஒரு தகடு தொங்கவிட்டு, மூன்றையும் பொருத்தினேன். தனி ஃப்யூஸ், வயர் நுழையும் துவாரத்தில் ரப்பர் புஷ் என்று எல்லாம் பக்கா. பழைய சிவப்பு லைட்டும் வேலை செய்யணுமே... ஆயில் லைனில் பித்தளை 'டி' ஒன்று போட்டு, இரண்டையும் அதில் மாட்டினேன். ஒழுகக் கூடாதென்று மரை முழுக்க டெஃப்ளான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினேன்.

சாவியைத் திருகினேன். என்ஜின் ஓடுது. ஆயில் பிரஷர்... பூஜ்யம்! பதறி அணைத்தேன். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். ''தம்பி, சாவி போட்டதும் சிவப்பு லைட் எரிஞ்சுதா?''

''இல்லண்ணே.''

''அப்ப ரெண்டுக்குமே எர்த் இல்ல. அந்த சென்சாருக்கு ஒரே வயர். எர்த் அதோட உடம்பு வழியா என்ஜினுக்குப் போகணும். நீதான் பட்டுச்சேலை மாதிரி டேப்பைச் சுத்தி வெச்சிருக்கியே. என்னத்தப்பா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?''

டேப்பைச் சுரண்டி எடுத்து மாட்டினேன். முள் ஜம்மென்று எழுந்தது. கூடவே என் மானமும் கொஞ்சம்.

போன மாதம் மறுபடி ஏற்காடு. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். மலை ஏறிக்கொண்டிருந்தபோது மறுபடி 'கீச்'. போட்ட புது பெல்ட் இழுபட்டுத் தளர்ந்திருந்தது. இந்தத் தடவை சொல்லிவிடணும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

''டேய், பதினாலுல நின்ன வோல்ட்டு பன்னெண்டுக்கு இறங்குது. பெல்ட்டு கத்துதா?''

''கத்துதுப்பா.''

இறங்கி, ஸ்பேனர் எடுத்து, அவரே பெல்ட்டை இழுத்து டைட் பண்ணினார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் அந்த மூன்று முள்ளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

''வண்டிக்கு மூணு மாட்டியாச்சு. ஊருக்குப் போனதும் அந்தக் காது டாக்டர்கிட்ட நேரம் கேளு. எனக்கும் ஒண்ணு மாட்டிக்கிறேன்.''