பின்சுவரில் ஒரு வழி

எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டு முடிந்து வாளிகள் இறங்கி வருகிற நேரம். தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்தின் நடுக் காம்பராவில் உளிச் சத்தம் கேட்கிறது.

மேசன் பாஸ் பின்சுவருக்கு முன்னால் நிற்கிறார். அதில் ஏற்கெனவே ஒரு ஜன்னல் உண்டு. ஒன்றரை அடிச் சதுரம், குறுக்கே மூன்று கம்பி. காற்று வரும், ஆள் போக முடியாது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரே கதவு. அடுப்பும் அந்தக் கதவை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில்தான். அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் போக்கிடமில்லை. தடுப்புச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை என்பதால், ஒரு வீட்டுப் புகை தகரத்துக்கு அடியிலேயே அடுத்த வீட்டுக்கு ஓடும். மின் ஒழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல.

பாஸ் அளவு நாடாவை எடுக்கவில்லை.

"அப்பாயி, இங்கன வந்து நில்லுங்க."

கிழவி சுவரோரம் வந்து நிற்கிறாள். அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழே கரியால் ஒரு கோடு விழுகிறது. "இதுக்கு மேல வச்சா ஒங்களால காலத் தூக்க ஏலாது."

மருமகளுக்கு ஒரு பயம். "கம்பி இல்லாட்டி கள்ளன் வருவானே பாஸ்?"

"கம்பி இருக்கும் தங்கச்சி. கதவு மாதிரி தொறக்கும். தாழ்ப்பாள் உள்ளுக்கு. பூட்டு மட்டும் போட்டுறாதீங்க. பொகையில சாவி தேட ஏலாது."

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிநூல் படுக்கையறைக்குச் சொல்வதும் இதுதான். திறப்பு பொதுவாகக் குறைந்தது 5.7 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். பாஸ் கொண்டுவந்திருக்கும் நிலையின் உள்ளளவு 2 அடிக்கு 3 அடி. 6 சதுர அடி வருகிறது.

நிலை பலா மரம். ரப்பர் பலகை மலிவு, ஆனால் பதப்படுத்தாவிட்டால் உளுத்துவிடும். கூரைச் சட்டங்களுக்கு முட்டுக் கொடுக்கிறார். வார்த்து வைத்த கொங்கிரீட் லிண்டலை ஏற்றி, இரு பக்கமும் அரை அடிக்கு மேல் சுவரில் ஊன்றவைக்கிறார். பிறகே கீழ்க் கற்களைப் பெயர்க்கிறார்.

மாலைக்குள் நிலை நிற்கிறது. பேரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவுகிறான். விரல் தாழ்ப்பாளில் பட்டதும் இழுக்கிறான். கம்பிக் கதவு வெளியே போகிறது. அப்பாயி விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, ஒவ்வொரு காலாக இறக்குகிறாள். கால் விறகு அடுக்கில் இடிக்கிறது. பாஸ் ஒன்றும் சொல்லாமல் விறகைத் தூக்கி அப்பால் வைக்கிறார்.

பின்னால் இருக்கும் வடிகால் கானுக்கு அந்தப் பக்கம் மண்மேடு. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியவில் மண் சரிந்து லயத்தை மூடியது இதே கேகாலை மாவட்டத்தில்தான். அதனால் பாஸ் கானோரமாக லயத்தின் முனைவரை நடந்து பார்க்கிறார். வெளியே குதித்தவர் அந்த வழியில் ஓட வேண்டும்.

சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்த கடிதம் ஒன்று செருகியிருக்கிறது. சுவரை உடைக்கத் தோட்ட ஆபீஸ் கொடுத்த சம்மதம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் லயம் இவர்களுக்குச் சொந்தமில்லை.

கீழ்த்தட்டில் இருப்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். அங்கே பின்சுவரை உடைத்தால் அடுத்த குடும்பத்தின் அறைதான் தெரியும். அவர்களுக்கு ஜன்னல் பரிகாரமாகாது, காணியோடு தனி வீடு கிடைத்தே ஆக வேண்டும். பின்சுவர் வெளியைப் பார்க்கும் லயங்களுக்கு ஒரு நிலையும் ஒரு லிண்டலும் போதும். தோட்ட நிர்வாகங்கள் கேட்காமலே காம்பராதோறும் இதைச் செய்து கொடுக்க வேண்டும். உயிர் தப்பும் வழிக்கு ஒரு குடும்பம் மனு எழுதிக் காத்திருப்பது நியாயமல்ல.