தாடிக்குள்ளே ஒரு காதலன்

மறைமலைநகர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள ராஜி,

உன் மாமியாருக்கு முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம். வெயில்தான் ஜிஎஸ்டி ரோட்டுல கால் வைக்க விடமாட்டேங்குது. அதுக்கு பயந்துதான் எதிர்வீட்டு அக்காவோட சினிமாவுக்குப் போனேன். புதுசா வந்த காதல் காமெடி. பேரைச் சொல்லமாட்டேன். உன் பொண்ணு அந்த ஹீரோன்னா உயிரை விடுவா, எனக்கெதுக்கு வம்பு!

ஒரு காபிக் கடை சீன். அவன் ஜோக் சொல்றான். பாதியிலயே அவ சிரிச்சுட்டாடி! விஷயமே இன்னும் வரலை. சிரிக்கணும்னு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க, சிரிச்சா. அவனாவது அவ முகத்தைப் பார்த்தானா? தன்னோட அடுத்த வரிக்குக் காத்துக்கிட்டிருக்கான். ஒரே நிழற்குடையில வேற வேற பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரி ரெண்டு பேரும். இதுங்க சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன? சிரிப்புக்குன்னு தனியா ஒரு நண்பன் வேற. நாலு டயலாக் பேசிட்டுப் போயிடுவான், கதைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இடைவேளைக்கு முன்னாடியே அக்கா தூங்கிட்டாங்க.

வாய்க் கசப்பு போகணும்னு ராத்திரி ‘காதலிக்க நேரமில்லை’ போட்டேன். 1964ல வந்த படம், நம்ம ஊர்க்காரங்க படம்னே சொல்லலாம். டைரக்டர் ஸ்ரீதரும், அவரோட சேர்ந்து எழுதின சித்ராலயா கோபுவும் செங்கல்பட்டுல ஒண்ணாப் படிச்ச சிநேகிதங்க. ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’னு ஊரையே அழவெச்ச மனுஷனை, முழுநீளச் சிரிப்புப் படம் எடுக்கச் சொல்லிப் பிடுங்கினது கோபுதானாம். மெரினாவுல உக்காந்து பேசிப் பேசியே கதையை வளர்த்தாங்களாம். சின்ன வயசுலேருந்து ஒருத்தரை ஒருத்தர் சிரிக்கவெச்சுப் பழகினவங்க எழுதினதுன்னு பார்த்தாலே தெரியுது.

பெரிய ஸ்டார் பட்டாளமும் இல்லை பாரு. ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். காஞ்சனா அதுக்கு முன்னாடி விமானப் பணிப்பெண். ஆனா முடிச்சு எங்க விழுதுன்னு கவனிச்சியா? பணக்கார சம்பந்தம்னா வாயைப் பிளக்கிற பாலையா. அவர் பொண்ணைக் கட்டணும்னு ரவிச்சந்திரன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையா நடிக்கிறான். அப்பா வேஷத்துக்கு சிநேகிதன் முத்துராமனைக் கூட்டிட்டு வர்றான். தாடி, தடி, இருமல் எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்து நின்னா, முத்துராமனோட காதலி காஞ்சனா அந்த வீட்டு இன்னொரு பொண்ணு! காதலிகிட்ட கொஞ்சணும், ஆனா தாடியைக் கழட்ட முடியாது. அங்க காதலும் சிரிப்பும் ஒரே தாடிக்குள்ள மாட்டிக்கிட்டு முழிக்குது. காமெடியை வெட்டி எடுத்தா காதலும் கையோட வந்துடும்.

பாலையாவோட பிள்ளையா வர்ற நாகேஷ் அவருக்குப் பேய்க் கதை சொல்ற சீனை எத்தனை தடவை பார்த்திருப்போம்! இந்தத் தடவை நான் நாகேஷைப் பார்க்கலை, பாலையாவை மட்டும் பார்த்தேன். அவர் பேசறது கொஞ்சம்தான். கண்ணு விரியுது, உடம்பு சுருங்குது, வேண்டாம்னு கெஞ்சற முகம், ஆனா விட்டுட்டும் போக முடியலை. கேக்கறவர் அப்படிக் கேக்கறதாலதான் சொல்றவன் ஏறி ஏறிப் போறான். கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரின்னு பேட்டியில எல்லாம் சொல்றாங்களே, அது இதுதாண்டி. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவுல இருக்கு, அந்தக் காபிக் கடை ஜோடிகிட்ட இல்லை.

நிஜத்துலயே ஜோடியா இருந்தா தானா வந்துடும்னு நீ சொல்லுவே. ‘மிஸ்ஸியம்மா’வை எடுத்துக்க, 1955. ஜெமினியும் சாவித்திரியும் அப்பவே ரகசியமாக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, சரி. ஆனா தெலுங்குல அதே சாவித்திரிக்கு ஜோடி என்.டி.ராமாராவ், அங்கயும் பிச்சுக்கிட்டு ஓடுச்சே! வேலைக்காகப் புருஷன் பொண்டாட்டியா நடிக்கணும், ஆனா ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குப் பிடிக்கலை. அப்படி ஒரே வீட்டுக்குள்ள அடைச்சுப் போட்டா சண்டையிலயே ருசி வந்துடுது. ஹாலிவுட்ல 1934லயே ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ல கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் ஒரு அறையில நடுவுல போர்வையைத் தொங்கவிட்டுக்கிட்டுப் பேசுவாங்க. அந்தப் போர்வைக்கு இருக்கிற நடிப்புகூட நான் பார்த்த படத்து ஹீரோவுக்கு இல்லை. (பொண்ணுகிட்ட சொல்லிடாதே.)

இன்னொரு சேதி. அக்கா பொண்ணை போன வாரம் பார்க்க வந்தாங்க. பையன் மகிந்திரா சிட்டியில வேலை. தனியாப் பேசட்டும்னு ரெண்டு பேரையும் மாடிக்கு அனுப்பிட்டு, கீழ நாங்க பஜ்ஜி ஆறிப்போறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். மேலேருந்து ஒரே சிரிப்புச் சத்தம். முதல்ல பையன், அப்புறம் இவ, மறுபடி பையன். அவ அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு, ஜாதகம் இன்னும் ஜோசியர்கிட்டயே போகலையாம். அப்படி என்னடி சொன்னேன்னு நானும் அக்காவும் மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்துட்டோம், வாயைத் திறக்கமாட்டேங்கறா. கறந்ததும் எழுதறேன்.

உன்
வசந்தா