டபுள் ஷாக்கும் என் டிஸ்க்கும்

நம்ம பக்கத்துச் சைக்கிள் கடையில போய் "கரடுமுரடான பாதையில ஓட்டற மாதிரி சைக்கிள் வேணும்"னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பாப்பார். அப்புறம் உள்ளே போய் தடிதடியா டயர் போட்ட ஒண்ணை உருட்டிக்கிட்டு வருவார். நடுவுல சிவப்புக் கலர்ல ஒரு ஸ்பிரிங் நிக்கும். "டபுள் ஷாக்கு சார். பசங்க இதைத்தான் கேக்கானுவ." விலை பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம்.

எனக்கு வேண்டியதும் பேரளவுல அதேதான். முன்னாடியும் சஸ்பென்ஷன், பின்னாடியும் சஸ்பென்ஷன். ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைப் புரிஞ்சுக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. அதைத்தான் இங்க எழுதறேன். சைக்கிள்ல ஆர்வம் இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம் :-)

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. திருவேங்கடம்னு சொன்னா வெளியூர்க்காரங்க திருப்பதின்னு நினைச்சுக்கறாங்க. அந்த வேங்கடம் இல்லீங்க. இது சங்கரன்கோவில் பக்கம், தென்காசி மாவட்டம் (2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்). கி.ரா. எழுதின அதே கரிசல். தெற்கே கழுகுமலை, மேற்கே தூரத்துல மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாத் தெரியும். அந்த மலை கண்ணுக்கு மட்டும்தான். காட்டுக்குள்ள அனுமதி இல்லாம சைக்கிள் விட முடியாது, விடவும் கூடாது. கழுகுமலைப் பாறையும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கறது. வெட்டுவான் கோயில் இருக்கற பாறை மேல டயர் ஏத்தணும்னு நினைக்கறவன் மனுஷனே இல்லை. ஆக நமக்கு வாய்ச்ச 'டிரெயில்' எல்லாம் கம்மாக்கரை, ஓடை, பருத்திக் காட்டு வண்டிப்பாதை இவைதான்.

சாதாரணமா நினைச்சுடாதீங்க. கரிசல் மண் மழையில களி. டயர்ல ஒட்டி, ஃபிரேமுக்கு நடுவுல அடைச்சு, சக்கரமே சுத்தாது, சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு வரணும். காஞ்சா கல்லு. டிராக்டர் போன தடம் அப்படியே இறுகிப் போய், ரெண்டு கிலோமீட்டருக்கு வரிவரியா நிக்கும். கோடையில வெடிப்பு வேற, முன்சக்கரம் மாட்டினா ஆள் குப்புற. இந்த இறுகின தடம்தான் என்னோட பிரச்சினை.

ஏன்னா எனக்கு முதுகுல எல்4-எல்5 டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி இருக்கு. முழங்காலும் சரியில்லை, நடைப்பயிற்சி ஒத்து வராது. சர்க்கரை இருக்கு. காலையில ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கறதுதான் அதைக் கட்டுக்குள்ள வச்சிருக்கு. டாக்டர் போன வருஷம் ஸ்கேனைப் பாத்துட்டு, "மிதிக்கறது தப்பில்லை, குலுங்கறதுதான் தப்பு. குலுங்காம மிதிங்க, இல்லேன்னா நிறுத்துங்க"ன்னுட்டார். தார் ரோட்ல போகலாமேன்னு கேப்பீங்க. காலையில தார் ரோட்ல மணல் லாரி, கம்பெனி வேன் எல்லாம் போற வேகத்தைப் பாத்தா டிஸ்க் மட்டும் இல்லை, ஆளே மிஞ்சமாட்டான்.

அக்கா மகன் பெங்களூருல வேலை பாக்கறான், ஞாயித்துக்கிழமை ஆனா நந்தி மலைப் பக்கம் சைக்கிளோட கிளம்பிடற ஜாதி. அவன்கிட்ட போன்ல கேட்டேன். "மாமா, அந்த டபுள் ஷாக்கை மட்டும் தொட்டுடாதீங்க"ன்னான். "ஏன்டா, ஸ்பிரிங் ஸ்பிரிங்தானே?"

இல்லையாம். ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கின அதே வேகத்துல திருப்பி எறியும். அதை எறிய விடாம நிதானமா விரிய வைக்கறதுக்குத்தான் டாம்பர். உள்ளே எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டை வழியா மெதுவாப் போகும், அந்தத் தடைதான் எல்லாம். கடையில இருக்கற மலிவு ஷாக்குகள்ல பெரும்பாலும் அது கிடையாது. அதனால குழியில இறங்கினா ஒரு உதை, ஏறினா ஒரு உதை. என் டிஸ்க்குக்கு ஸ்பிரிங் இல்லாததே தேவலாம். அதோட மிதிக்கற பலத்துல பாதி ஸ்பிரிங்குக்கே போகும், எடை வேற பதினெட்டு இருபது கிலோ. பையன்கள் ஆசையா வாங்கி ஆறு மாசத்துல சுவத்துல சாச்சு வச்சிருக்கற சைக்கிள்கள் நம்ம தெருவுலயே மூணு இருக்கு.

இந்த மலை சைக்கிள் பொறந்த கதையே வேடிக்கை. 1970-கள்ல கலிபோர்னியாவுல மரின்னு ஒரு பகுதி. அங்க சில பேர் பழைய குண்டு டயர் சைக்கிளை எடுத்துக்கிட்டு மலை மேலேருந்து மண்பாதையில இறங்குவாங்க. பிரேக்கு பின்சக்கர அச்சுக்குள்ள, பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கற வகை. கீழே வர்றதுக்குள்ள அச்சு சூடாகி கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். திரும்ப கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த தடவை. அதனால 1976-ல ஆரம்பிச்ச அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்'னு பேர். அப்ப சஸ்பென்ஷனே கிடையாது, முழங்காலும் முழங்கையும்தான். ராக்‌ஷாக்ஸ் கம்பெனி 1989-ல வந்தப்புறம்தான் முன் ஃபோர்க் பரவலாச்சு. பின்பக்க சஸ்பென்ஷன் ஒழுங்கா வர்றதுக்கு இன்னும் பல வருஷம் பிடிச்சுது. மிதிக்கும்போது சங்கிலி இழுக்கற இழுப்புக்குச் சைக்கிள் தொட்டில் ஆடாம இருக்கணும், அதே சமயம் குழிக்கு அமுங்கணும். இந்த ரெண்டையும் ஒத்துப் போக வைக்கறதுக்குத்தான் அத்தனை பட்டை, அத்தனை மூட்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். பொங்கல் லீவுல மருமகன் வரும்போது ரெண்டு சைக்கிளைக் கார் மேல கட்டிக்கிட்டு வந்தான். ரெண்டுமே அவன் நண்பர்கள் விக்கறதா இருந்தது, செகண்ட் ஹாண்ட். ஒண்ணு பின்சக்கரம் 120 மில்லிமீட்டர் அசையறது, இன்னொண்ணு 150. மூணாவதா என்கிட்ட இருக்கற ஹார்ட்டெயில், அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன். கம்மாக்கரையில ஆரம்பிச்சு, ஓடை இறங்கி, டிராக்டர் தடத்துல திரும்பி வர்ற ஒரே சுத்து, மூணுலயும்.

150 ராஜா மாதிரி இருந்துச்சு. உக்காந்தா கட்டில்ல உக்காந்த சுகம். ஓடைக்குள்ள இறங்கும்போது பயமே இல்லை. ஆனா நம்ம ஊர்ல ஓடை இருபதடி, மிச்சமெல்லாம் சமதரை. சமதரையில அது எருமை. மெதுவா மேடு ஏறினா முன்சக்கரம் இங்கிட்டும் அங்கிட்டும் அலையுது. செங்குத்தா இறங்கறதுக்குன்னு செஞ்ச சைக்கிளை வச்சுப் பருத்திக் காட்டுல என்ன பண்ண? மருமகன் மனசு அதுலதான் இருந்தது ("மாமா, நான் வரும்போது ஓட்டலாம்ல?"). பயபுள்ள.

120 அப்படி ஒண்ணும் பிரமாதமாத் தெரியலை. ஓட்டி முடிச்சு இறங்கினப்புறம்தான், இடுப்பைப் பிடிக்காம இறங்கிருக்கோமேன்னு உறைச்சுது. அதே தடத்துல ஹார்ட்டெயில்ல வந்தப்ப, மருமகன் சீட்டை விட்டு எழுந்து நின்னு முழங்காலை மடக்கி ஜம்முன்னு வந்தான். இருபத்தாறு வயசு. ஹார்ட்டெயில் கேக்கற சஸ்பென்ஷன் அதுதான், உன் கால். என்கிட்ட அது ஸ்டாக் இல்லை. நான் முக்காவாசி நேரம் உக்காந்தே மிதிக்கற ஆள்.

இடையில ஒண்ணு. முதுகு நல்லா இருக்கறவங்க, இதைப் படிச்சுட்டு ஃபுல் சஸ்பென்ஷனுக்குக் கிளம்பிடாதீங்க. நல்ல ஹார்ட்டெயில், 2.4 அங்குல டயர், காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா நம்ம ஊர்ப் பாதைக்குத் தாராளம். கூட ஆட்டம் வாங்கற சீட் போஸ்ட் ஒண்ணு போட்டா இன்னும் சுகம். பின்பக்க சஸ்பென்ஷன்னா செலவு வாங்கும்போது மட்டும் இல்லை. மூட்டுக்கு மூட்டு பேரிங், நம்ம புழுதி அதுக்குள்ள போகும். ஷாக்கை 50 மணி நேரம் ஓட்டினதும் திறந்து துடைச்சு எண்ணெய் போடச் சொல்றாங்க. முழு சர்வீஸ்னா பெரிய நகரத்துக்குப் பார்சல்தான். அதனாலதான் 120-லயும் மூட்டு கம்மியா இருக்கற டிசைனாப் பாத்தேன்.

பழைய சைக்கிள்னா, சீட்டைப் பிடிச்சு லேசாத் தூக்கித் தூக்கிப் பாருங்க. உள்ளே 'டொக்'னு தட்டினா பேரிங்கோ புஷ்ஷோ போச்சு. ஷாக்கோட பளபளக்கற தண்டுல நகம் மாட்டற அளவு கீறல் இருந்தா தொடவே தொடாதீங்க.

அப்புறம் பணம். சீட்டு எடுத்த ஒண்ணேகால் லட்சம் இருந்தது. அது மொட்டை மாடியில தட்டோடு பதிக்கறதுக்குன்னு எடுத்தது, ரெண்டு மழைக்காலமா ஒழுகுது. 120-க்கு அதுல எழுபதாயிரம் போகும். தங்கமணிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. டாக்டர் சொன்னது, டாம்பர், மூட்டுன்னு ஒரு சொற்பொழிவு தயார் பண்ணி வச்சிருந்தேன். பாதியில நிறுத்தச் சொல்லிட்டா. "ஒழுகற இடத்துல அண்டா வைக்கலாம். நீங்க படுத்துட்டா எதை வைக்க? வாங்கித் தொலைங்க." அடுக்களைக்குள்ள போய்க்கிட்டே, "அடுத்த சீட்டு மாடிக்கு"ன்னா. அதுக்கு மேல பேச்சில்லை.

வாங்கினதும் முதல் வேலை 'சேக்' பாக்கறது. வழக்கமா ஓட்டற உடுப்போட சைக்கிள்ல ஏறி உக்காரணும், குதிக்காம. ஷாக்குத் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது எவ்வளவு தள்ளிப் போயிருக்குன்னு இறங்கி அளக்கணும். மொத்த அசைவுல கால்வாசியிலேருந்து முப்பது சதவீதம் வரைக்கும் இறங்கணும். என் ஷாக்குத் தண்டு 45 மில்லிமீட்டர் அசையும், அதனால 13 மில்லிமீட்டர் வச்சிருக்கேன். இதுக்குன்னு தனிப் பம்பு உண்டு. வால்வு பாக்க மோட்டார் பைக் வால்வு மாதிரியே இருக்கும். அதைப் பாத்துட்டுப் பஞ்சர் கடைத் தம்பி கம்ப்ரஸர் குழாயோட ஓடி வந்தான். தடுத்துட்டேன். உள்ளே காத்து இருக்கற இடம் ஒரு கைப்பிடி, அழுத்தமோ லாரி டயரை விட அதிகம். குழாயை வச்சா இருக்கற காத்தும் வெளியே வந்துடும்.

ஆறு மாசம் ஆச்சு. காலையில ஒரு மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள். இடுப்பு வலி சுத்தமாப் போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன், சாயங்காலம் வரும். காலையில இறங்கும்போது வரலை. சர்க்கரை பழைய இடத்துல நிக்குது.

இப்ப தலைவலி முள்ளுதான். சீமைக்கருவேலம், உடை, நெருஞ்சி மூணும் சேந்த ஊர் நம்மளது. டியூப் இல்லாத டயர்ல சீலன்ட் ஊத்தி ஓட்டறேன். குத்தினா தானே அடைச்சுக்கும். ஆனா நம்ம வெயிலுக்கு ரெண்டு மாசத்துல காஞ்சு உள்ளே ரப்பர் உருண்டையா உருளுது. நேத்து பின்டயர்லேருந்து மட்டும் பதினோரு முள்ளு எடுத்தேன். மருமகன் அடுத்த வாரம் வர்றான், ரெண்டு பாட்டில் கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.