மூலையில் ஒரு பெயர்

சென்ற ஆண்டுக் கலைவிழாவுக்கென நாம் திரைச்சீலை ஒன்று தீட்டினோம். அறுவர் கூடி, நான்கு இரவுகள் விழித்திருந்து தீட்டிய திரை அது. பின்னணியில் மலையும் ஆறும்; முன்னே மனிதர். விழாவுக்கு முந்திய இரவு, ஏனையோர் தேநீர் அருந்தச் சென்ற வேளையில், வலது மூலையில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். அதனைக் கண்ட எவரும் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

இவ்வாண்டு விரிவுரையொன்றிலே சுவரோவியமொன்றின் நிழற்படம் எமக்குக் காட்டப்பட்டது. "இதனை வரைந்தவர் யார்?" என வினவினேன். "ஊரவர்" என்றார் விரிவுரையாளர். பெயரைக் கேட்டவனுக்கு அது விடையாகப் படவில்லை.

மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்திலுள்ள தானிபெர்லா என்ற சிற்றூரில் 1998 இல் எழுந்த ஓவியம் அது. மாயா இனத்தின் ஒரு கிளையினரான செல்தால் மக்கள், அயலூரவரும் சேர, தம் பொது மன்றத்தின் சுவரில் அதனைத் தீட்டினர். செர்ஜியோ வால்தெஸ் என்னும் ஓவிய ஆசிரியர் வழிகாட்டினார். ஆயின் சுவரில் எவை இடம்பெற வேண்டும் என்பதை ஊரவரே கூடிப் பேசினர். மலைகள், ஆறு, சோளப்பயிர், பெண்கள், நிலத்துக்காகப் போராடிய சப்பாத்தா ஆகிய யாவும் அங்கு உள்ளன.

அங்கே மலை பின்னணியன்று. மனிதருக்கு மாத்திரமன்றிச் சோளத்துக்கும் மலைக்கும் ஊற்றுக்கும் 'சுலெல்' என்னும் உயிர்ப்பொருள் உண்டென்பது செல்தால் நம்பிக்கை. மற்றொரு மாயாக் கிளையினரான கிச்சே மக்களின் 'பொப்பொல் வூ' மனிதர் சோளமாவினாற் படைக்கப்பட்டனர் என்கின்றது. அவ்வாறு எண்ணும் ஒருவர் பயிரை வரைகையில் தம் உறவினரையே வரைகின்றார் எனலாம். எமது திரையில் மலை, வெற்றிடத்தை நிரப்பவே வந்தது. அதனை வரைந்தவன் நானே.

ஏப்பிரல் 10 ஆம் நாள் அவ்வூரவர் தமது தன்னாட்சி நகரசபையைப் பிரகடனஞ் செய்தனர். மறுநாட் காலையிலேயே அரசபடையினர் ஊருக்குள் நுழைந்து ஓவியத்தை அழித்தனர். வால்தெஸ் சிறையிடப்பட்டார். எனினும் சான் பிரான்சிஸ்கோ உட்பட வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் அவ்வோவியம் மீண்டுந் தீட்டப்பட்டது. ஒருவனுக்கே உரிய ஓவியமாயின் அவை வெறும் பிரதிகள். இங்கோ புதிதாகத் தூரிகை பிடித்தவரும் அக்கூட்டத்திற் சேர்ந்துகொண்டனர். ஆயினும் எனக்கு ஓர் ஐயம்: வண்ணம் கடல் கடக்கும், அவ்வாற்றின் சுலெலும் கூடவே சென்றிருக்குமா?

எமது திரை இப்போது பண்டக அறையிற் சுருட்டிக் கிடக்கின்றது. சென்ற வாரம் அதனை விரித்து, என் பெயரின் அருகே மற்றைய ஐவரின் பெயர்களையும் எழுதினேன். அப்பொழுதுதான், முதலிரவு மட்டும் வந்து நீலத்தைக் கரைத்துத் தந்த முதலாம் ஆண்டு மாணவனின் முகம் நினைவில் எழுந்தது. நாம் அறுவரல்லர், எழுவர். அவனது பெயரை நான் கேட்டிருக்கவேயில்லை.